வாரம் ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கும் காரும் கேமரன் மலை ஏற்றமும்

வணக்கம் தம்பி. உங்கள் கேள்வியை நிதானமாக இரண்டு முறை படித்தேன். நீங்கள் வைத்திருப்பது 2004-ஆம் ஆண்டு புரோட்டான் வீரா. பீடோர் பட்டணத்துக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் அது குறையில்லாமல் ஓடுகிறது. பள்ளி விடுமுறையில் மனைவி பிள்ளைகளோடு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் மட்டும், லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டிய சிறிது நேரத்தில் சூட்டைக் காட்டும் முள் மேலே போய்விடுகிறது. பட்டறைப் போமன், தண்ணீரின் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். அதற்குப் பிறகும் மலையில் அதே கதைதான். ரேடியேட்டரில் வாரத்துக்கு ஒரு சிறிய பாட்டில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், ஆனால் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. பழைய வண்டிகளின் உதிரிகளை விற்கும் ஹாப் கட் கடையில் பழைய ரேடியேட்டர் ஒன்று மலிவாக வருகிறது, அதை வாங்கி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். ரேடியேட்டர் பழுதாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றுள் முதலாவது இருபது முப்பது வெள்ளிக்குள் முடியக்கூடியது. நீங்கள் மலையைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஒரு பாட்டில் தண்ணீர் குறைகிறது என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். தோட்டத்துப் பட்டறையில் லோரி, டிராக்டர் என்று தொடங்கி, பிறகு பட்டணத்தில் கார்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்ட எனக்கு, அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் மூடிய வட்டத்துக்குள் சுற்றி வருவது. பழுதில்லாத வண்டியில் அது மாதக்கணக்கில் அளவு மாறாமல் இருக்கும். குறைகிறது என்றால் அது எங்கோ போகிறது என்று பொருள். போகும் வழியைக் கண்டுபிடிக்காமல் மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது, ஓட்டைக் குடத்தைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு நடப்பது போன்றது.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் அங்குள்ள வாயுவின் வெப்பம் 2,000 பாகை செல்சியஸைத் தாண்டும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. கிட்டத்தட்ட அதே அளவு இஞ்சினின் உலோகத்தில் இறங்குகிறது. அப்படி இறங்கும் சூட்டை வாட்டர் பம்ப் சுற்றிவிடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடும்போது காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. ஆகவே இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவதற்கு அடிப்படையில் நான்கு காரணங்களே உண்டு: தண்ணீர் போதாது, தண்ணீர் ஓடவில்லை, காற்று போகவில்லை, அல்லது தாங்கக்கூடியதைவிட அதிகச் சூடு உள்ளே வருகிறது. இந்த நான்கில் எது என்பதைக் கண்டுபிடிக்க, எந்த நேரத்தில் சூடேறுகிறது என்ற கேள்வியே போதும்; பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போதோ நெரிசலில் நிற்கும்போதோ முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், பெரும்பாலும் ஃபேன்தான் குற்றவாளி. ஓடும் வண்டிக்குக் காற்று தானாக வரும், நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் காற்று. மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம், ரிலே அல்லது பியூஸ் போயிருக்கலாம், சூட்டை உணரும் சென்சார் செத்திருக்கலாம். ஒரு மரத்துண்டால் மோட்டாரின் முதுகில் மெல்லத் தட்டியதும் ஃபேன் சுற்றத் தொடங்கினால், கரித்துண்டு முடிந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தட்டும்போது கை ஃபேனுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது எந்த நேரத்திலும் சுற்றும். உங்கள் வண்டி நெரிசலில் நன்றாக இருக்கிறது. ஆகவே ஃபேனை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

நெடுஞ்சாலை வேகத்திலோ ஏற்றத்திலோ மட்டும் சூடேறினால், காற்று தாராளமாக இருந்தும் தண்ணீர் போதிய அளவு சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீர் தன் இயல்பான சூட்டைத் தாங்காமல் முன்கூட்டியே கொதிக்கிறது. உங்கள் வண்டி இந்த இனத்தைச் சேர்ந்தது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, காலையில், தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டும். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் வளையமும், நடுவில் காசு போன்ற ஒரு சிறிய வால்வும் இருக்கும். அந்த எண், மூடி எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதைச் சொல்கிறது. அழுத்தம் கூடினால் தண்ணீர் தாமதமாகக் கொதிக்கும், 0.9 மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்து ரப்பர் வெடித்துப்போன மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அந்த வண்டியில் தண்ணீர் அடுப்பில் வைத்த பானையில் கொதிப்பதுபோல 100 பாகையிலேயே கொதித்துவிடும்.

மலையில் அந்த 100-ம் கிடையாது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதிக்கும். பல வண்டிகளில் ஃபேன் சுழலத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான். அதாவது, மூடி செத்துப்போய் வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கும் வண்டியில், மலையேறும்போது ஃபேன் உதவிக்கு வருவதற்கு முன்பே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. கொதித்தால் நீராவிக் குமிழிகள் உருவாகின்றன. ஆவி தண்ணீரைப் போல் சூட்டை வாங்காது. குமிழி ஒட்டிய இடத்தில் உலோகம் இன்னும் சூடாகிறது. தண்ணீர், ரேடியேட்டரோடு மெல்லிய குழாயால் இணைந்த ஸ்பேர் டாங்குக்குத் தள்ளப்பட்டு அங்கிருந்து வழிந்துவிடுகிறது. தாழ்வான பீடோரில் தெரியாத குறை மலையில் தெரிவதற்கு இதுவே போதுமான காரணம்.

வாரம் ஒரு பாட்டில் குறைவதற்கும் அந்த மூடியே காரணமாக இருக்கலாம். இஞ்சின் சூடாகும்போது தண்ணீர் விரிந்து, மூடியைத் தாண்டி, மெல்லிய குழாய் வழியாக ஸ்பேர் டாங்குக்குப் போகிறது. இரவில் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவிலுள்ள அந்தச் சிறிய வால்வு திறந்து, போன தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் போகும் பயணம் உண்டு, வரும் பயணம் இல்லை. அப்போது காலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பார்த்தால், பல்லில்லாத வாயைப் போல உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். நாளைக் காலை இஞ்சினை முடுக்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து இதைப் பாருங்கள். ஸ்பேர் டாங்குக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்த குழாய் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். அதே எண் உள்ள புதிய, நல்ல தரமான மூடியை முதலில் மாட்டுங்கள். எண்ணைக் கூட்டிப் போட்டால் இன்னும் நல்லது என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். இருபது வயது வண்டியின் ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அந்தக் கூடுதல் அழுத்தத்துக்கு வெடித்துவிடக்கூடும்.

மூடியை மாற்றிய பிறகும் தண்ணீர் குறைந்தால் கசிவைத் தேட வேண்டும். தரையில் ஈரம் இல்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. சூடான இஞ்சின் மேல் கசியும் தண்ணீர் தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். ஆனால் தடம் விட்டுச் செல்லும். ஹோஸ் கிளிப்புகளைச் சுற்றி, வாட்டர் பம்புக்குக் கீழே, ரேடியேட்டரின் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தலையும் சேரும் விளிம்பில், வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோலப் படிந்திருக்கும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகத்தான் முதலில் கசியும். பட்டறைக்குப் போகும்போது, ரேடியேட்டர் வாயில் மாட்டிக் கையால் காற்றடிக்கும் பிரஷர் டெஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். குளிர்ந்த இஞ்சினில் மூடியின் எண்ணுக்குச் சமமாக அழுத்தம் ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால், டெஸ்டரின் முள் இறங்குகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இறங்கினால் கசியும் இடமும் கண்ணில் படும்.

டெஸ்டரின் முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால், தண்ணீர் இஞ்சினுக்குள் போகிறது. இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்பதுதான் அப்போது வரும் பயம். குளிர்ந்த இஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து முடுக்கினால் குமிழி விடாமல் வந்துகொண்டே இருப்பது, காலையில் புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை நீண்ட நேரம் நிற்காமல் வருவது, ஆயில் மூடியின் உட்புறம் தே தாரிக் நுரை போல வெளுத்திருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். ஆயில் மூடியில் மட்டும் சிறிது வெளுப்பு இருப்பது, கிட்டத்துக்கு மட்டும் ஓடும் வண்டிகளில் வெறும் நீராவியாலும் வரும். ஆகவே அதை மட்டும் வைத்து இஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவம் ஒன்று உண்டு. எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்தால் அது மஞ்சளாக மாறும். அந்தச் சோதனை செய்து மஞ்சளான பிறகே பிரிப்பது பற்றிப் பேசலாம்.

இப்போது தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு மனவருத்தம் உண்டு. நம் ஊரில் பழைய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. “இது குளிர் நாட்டுக்கு வைத்தது, நமக்குத் தேவையில்லை” என்று சொல்லி எடுத்துவிடுகிறார்கள். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் நானும் அப்படித்தான் கற்பிக்கப்பட்டேன், நானும் எடுத்திருக்கிறேன். அது தவறு என்று பின்னாளில்தான் புரிந்துகொண்டேன். தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சிறிய கதவு. பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 பாகைக்குள் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அது இல்லையென்றால் இஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரமாகும்; இஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும்; எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்; சிலிண்டர் விரைவில் தேயும். சில இஞ்சின்களில் அந்தக் கதவு திறக்கும்போதே இன்னொரு பக்கத்திலுள்ள குறுக்குவழியை அடைக்கும். அவற்றில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். குளிர்ச்சிக்காகச் செய்த வேலை ஏற்றத்தில் சூட்டையே கூட்டிவிடும். எல்லாவற்றையும்விட, நோயின் அடையாளத்தை அது மறைத்துவிடுகிறது. சமநிலத்தில் முள் கீழே நிற்பதைப் பார்த்து வண்டி குணமாகிவிட்டது என்று நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டிருக்கிறீர்கள்.

புதிய தெர்மோஸ்டாட் வாங்கியதும் மாட்டுவதற்கு முன், ஒரு நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் அது கண்ணெதிரே மெல்ல வாய் திறக்கும். எடுத்து வெளியே வைத்தால் மூடிக்கொள்ளும். திறக்காதது வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது, நீங்கள் வாரந்தோறும் ஊற்றும் தண்ணீர். பனி பெய்யாத நாட்டில் கூலண்ட் எதற்கு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உறையாமல் காப்பது கூலண்ட்டின் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும், வாட்டர் பம்பின் சீலைக் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு வேண்டியவை. உங்கள் வீராவின் இஞ்சினில் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரு வேறு உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனைந்தால் அவற்றில் ஒன்று விரைவாக அரிக்கப்படும். தோட்டத்துக் கிணற்று நீரிலும் ஓடை நீரிலும் இரும்பும் உப்பும் உண்டு. குழாய்த் தண்ணீரிலும் தாதுக்கள் உண்டு. அவை சூடான இடத்தில் படிந்து, கெண்டியின் அடியில் படிவதுபோல, ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். ஒரு முறை, பத்தாண்டுகள் ஓடை நீரே ஊற்றி ஓட்டிய வேன் ஒன்றின் ரேடியேட்டரை அறுத்துப் பார்த்தேன். வெளியே துடைத்து வைத்ததுபோல இருந்தது. உள்ளே ஐந்தில் மூன்று குழாய்கள் செம்மண் குழம்பு காய்ந்ததுபோல அடைத்து, ஒரு குண்டூசியும் நுழையவில்லை. அந்த ரேடியேட்டர் சமதரையில் சமாளித்திருக்கும், ஏற்றத்தில் முடியாது. மூடியும் கசிவும் சரி என்று தெரிந்த பிறகு உங்கள் ரேடியேட்டரிலும் இதைப் பார்க்க வேண்டும். இஞ்சின் சூடாக ஓடும்போது பட்டறையில், தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பமானியை ரேடியேட்டரின் முகத்தில் இடத்துக்கு இடம் காட்டினால், ஓடும் குழாய் சூடாகவும் அடைத்த குழாய் குளிராகவும் காட்டும். அடைத்திருந்தால் புதியதே வாங்குங்கள். ஹாப் கட் கடையில் கிடைப்பதும் வேறொரு வண்டியில் இதேபோல் பல ஆண்டு உழைத்ததுதான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது.

கசிவுக்கு மஞ்சள் தூள் போடும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பெரியவர்கள் அந்தக் காலத்துப் பித்தளை ரேடியேட்டரில் ஒரு கரண்டி மஞ்சளைப் போட்டுத் தோட்டத்திலிருந்து பட்டணம் வரை வந்து சேர்ந்திருக்கிறார்கள். அகலமான குழாய்கள், தொலைவில் பட்டறை, வேறு வழியும் இல்லை. இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் குழாய் மிகவும் ஒடுங்கியது. மஞ்சள் கசிவை அடைக்கும் முன் குழாயை அடைத்துவிடும். கடையில் விற்கும் கசிவடைப்பான்களும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஆகவே, பழைய தண்ணீரை முழுவதும் இறக்கி, தெளிவாக வரும்வரை அலசி, கையேட்டில் சொல்லியிருக்கும் வகைக் கூலண்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்தோ, கலந்தே விற்பதை அப்படியே எடுத்தோ ஊற்றுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை வைத்து வகையை முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கு வேண்டிய நிறத்தைப் போடுகிறார்கள், வேறு வகைகள் கலந்தால் குழகுழப்பாகத் திரளவும் கூடும். பழைய பச்சை வகையைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நீண்ட நாள் வகை ஐந்து ஆண்டு வரை வரும். ஊற்றிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது முக்கியம்: மூக்கு மேலே இருக்கும்படி மேட்டில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த இஞ்சினை முடுக்கி, மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்து விட்டு, குமிழி அடங்கி ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். இறக்கிய பழைய கூலண்ட்டைக் கால்வாயிலோ முற்றத்திலோ விடாதீர்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், சிறு பிள்ளைகளும் வாயில் வைப்பார்கள், அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தை அழித்து உயிரைப் பறிக்கும் நஞ்சு.

தோட்டப்பக்கத்து வண்டிகளுக்கு என்று தனியாக ஒரு தொல்லை உண்டு. செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் எழும் செம்புழுதியும், லாலான் பூவின் பஞ்சும், பூச்சிகளும், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏர்கான் கண்டென்சரில் படிந்து, அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கம்பளம் போல ஒட்டிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். மேலிருந்து விளக்கடித்து இடுக்கில் பார்த்தால்தான் தெரியும். இஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டுக் கழுவினால் போதும். அழுத்தம் கூடிய பம்பை நெருக்கத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்று வழியும் அடைந்துவிடும்.

மலைப்பாதை வண்டியிடம் எவ்வளவு கேட்கிறது என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏறும் உயரம் 1,400 மீட்டர் அளவு. குடும்பத்தோடு 1,200 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் அரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் வேண்டும். இஞ்சின் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுவதால், சாதாரண ஓட்டத்துக்கு ஆவதற்கு மேல் ஏறத்தாழ இரண்டு லிட்டர் எரிந்தாக வேண்டும், மிச்சமெல்லாம் சூடு. அதே நேரத்தில் வளைவுகளில் வேகம் 30, 40 என்று இறங்குவதால் முன்னாலிருந்து வரும் காற்றும் குறைகிறது. உயரத்தில் காற்றே மெலிந்திருக்கிறது. ஆகவே ஏற்றத்தில் பெரிய கியரில் இஞ்சின் முக்கிக்கொண்டு போக விடாதீர்கள். ஒரு கியர் இறக்கினால் இஞ்சின் வேகமாகச் சுற்றும், அதனோடு வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும். சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முள் நடுவைத் தாண்டி நகரத் தொடங்கியதுமே ஏர்கானை அணைத்துவிடுங்கள். மலைக்காற்று சன்னல் வழியாகவே போதும்.

முள்ளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல வண்டிகளில் அது சூட்டை அப்படியே காட்டுவதில்லை. 80-க்கும் 100-க்கும் இடையே நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். நடுவைத் தாண்டி நகர்ந்துவிட்டது என்றால் நேரம் குறைவு. தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சார் காற்றில் நின்று குறைந்த சூட்டைக் காட்டுவதும் உண்டு. மேலே போன முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். உங்கள் தங்கை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்களே அந்த ஆக்சியா, அதுபோன்ற புதிய சிறிய வண்டிகளில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, சூடு மீறினால் சிவப்பு விளக்கு, இடையில் எதுவுமில்லை. சிவப்பு எரிந்தால் அடுத்த நிமிடமே நிறுத்த வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

வழியில் சூடேறிவிட்டால், பாதுகாப்பான ஓரம் பார்த்து நிறுத்தி, ஆவி வந்தாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ உடனே இஞ்சினை அணைத்துவிடுங்கள். ஹீட்டரைத் திறந்து சூட்டை இறக்கு என்று வெளிநாட்டு யோசனை ஒன்று பரவுகிறது. நம் நாட்டில் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றில் ஹீட்டரே இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மூடியைத் தொடாதீர்கள். இதை அனுபவத்தால் சொல்கிறேன். 1988-இல், எனக்குப் பத்தொன்பது வயது, பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று தோட்டத்து மேட்டில் ஆவி விட்டு நின்றது. தொழிற்சாலையில் பழத்துக்குக் காத்திருந்தார்கள். அவசரத்தில் ஈரச் சாக்கை மூடி மேல் போட்டுத் திருப்பினேன். மூடி முழுவதும் திரும்பக்கூட இல்லை. அழுத்தம் விட்ட கணத்தில் உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் ஒரே சமயத்தில் ஆவியாகப் பொங்கி, சாக்கைத் தூக்கி எறிந்துகொண்டு மேலே வந்தது. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றது; தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் சும்மா இருந்தேன். முகத்தைத் திருப்பி வைத்திருந்ததால் கண் தப்பியது. மேல் ஹோஸைப் பிசைந்தால் மெத்தென்று அமுங்கி, கையை வைத்திருக்கும் அளவுக்கு ஆறும் வரை, முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ, காத்திருங்கள். காய்ந்த சூட்டிலிருக்கும் இஞ்சினில் குளிர்ந்த அருவித் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கவும் கூடும்; ஆறிய பிறகு, இஞ்சினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

“இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே, ரிங்லெட் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்ற எண்ணம்தான் இருபது வெள்ளிப் பழுதை ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொண்டுபோய்விடுகிறது. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவு மீறினால் ஹெட் வளைந்து, நடுவிலிருக்கும் கேஸ்கெட் பிடியை இழக்கும். ஹெட்டின் முகம் பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்குள் சமமாக இருக்க வேண்டும்; அது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த அளவைத் தாண்டி வளைந்தால் மெஷின் ஷாப்புக்கு அனுப்பி இழைக்க வேண்டும். ஆகவே இழுவை லோரிக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு ஆகாது.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இது. நாளைக் காலை ஹோஸையும் மூடியையும் பார்த்து, புதிய மூடி மாட்டி, ஸ்பேர் டாங்கில் தண்ணீர் மட்டத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டுங்கள். கோடு இறங்காவிட்டால் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, அலசி, கூலண்ட் ஊற்றுங்கள். அந்த வேலையோடு, அழுத்தினால் கல்லாகவோ களியாகவோ இருக்கும் ஹோஸ்களையும் தளர்ந்த பெல்ட்டையும் மாற்றிவிடலாம். கோடு இறங்கினால் பிரஷர் டெஸ்டர் உள்ள பட்டறைக்குப் போங்கள். எல்லாம் முடிந்ததும் பிள்ளைகளை ஏற்றாமல், நீங்கள் மட்டும், ஒரு சாதாரண நாள் காலையில் தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கந்தார் வரை போய், இஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, முள் எங்கே நின்றது, ஸ்பேர் டாங்கில் மட்டம் கோட்டுக்கு எவ்வளவு மேலே ஏறியது, மறுநாள் காலை மீண்டும் கோட்டுக்கு வந்ததா என்று குறித்து எனக்கு எழுதுங்கள். மட்டம் கோட்டுக்குத் திரும்பியிருந்தால் மூடி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அதற்குப் பிறகும் மேல் ஏற்றத்தில் முள் நகர்ந்தால், அப்போது ரேடியேட்டரைப் பற்றிப் பேசுவோம்.